கிளியை விரட்டியவனுக்கு விசா

1

போன வாரம் என் மகள் சுபா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து, நான் ரசம்சோறு பிசைந்துகொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் ‘தகப்பனாரின் பதவி’ என்று ஒரு கட்டம். சுபாவுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வயதில் லெஸ்டருக்கு வந்தவள். தமிழை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வதோடு சரி.

“அப்பா, நீங்க பாஸா? இல்ல, உங்களுக்கு மேல ஒரு பாஸ் இருக்காரா?”

எனக்கு விக்கல் எடுத்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி கோதை, “அவ்வளவு சின்னக் கட்டத்துல அதை எழுத முடியாதுடி. பின்பக்கம் காலியா இருந்தா அப்பாகிட்டக் கொடு” என்றாள்.

பின்பக்கம் காலியாக இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே வந்து பத்து வருஷம் முடிந்துவிட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னை நிறுத்தி, “நீரு எந்தத் தகுதியில சீமைக்குப் போனீரு?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கிற சந்தேகம் எனக்குப் புரியாமல் இல்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

2

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை ராஜபாளையத்தில், செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். ஆஸ்பத்திரிக்குப் போகிற காஸ் துணி, ரோல் பேண்டேஜ். தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், காதிலும் மூக்கிலும் பஞ்சோடு திரும்பி வருவேன். பெயருக்கு மேனேஜர். மேனேஜர் என்றால், முதலாளி சொன்னதை மற்றவர்களுக்குச் சத்தமாகச் சொல்கிறவன்.

முதலாளி வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். கோபம் முற்றினால் இரண்டும் கலந்து வரும். நல்ல மனுஷன். ஆனால் அவரைக் கேட்காமல் அந்தக் கொட்டகையில் ஒரு குண்டூசியும் நகராது. டீக்கு இஞ்சி தட்டிப் போடலாமா என்றுகூட அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் சங்கதி. எங்கள் கொட்டகை ஒன்றுதான். அதன் வாசலில் போர்டுகள் மூன்று. கம்பெனி சின்னதாக இருந்தால் வரியில் சலுகை உண்டு என்ற காலம். பெரிய கம்பெனியை எப்படிச் சின்னதாக்குவது? மூன்றாக நறுக்க வேண்டியதுதான். முதல் போர்டு முதலாளி பெயரில், இரண்டாவது அவர் மருமகன் பெயரில். மூன்றாவதுக்கு வீட்டில் ஆம்பிளை ஆள் தீர்ந்துபோனதால் என் பெயரில். அப்போது முதலாளி என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “ஏலே ரெங்கா, நம்பிக்கையான ஆளுன்னா நீதாம்லே. இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

எதில் என்று பார்க்காமல் போட்டேன். அன்றிலிருந்து காகிதத்தில் நான் ஒரு கம்பெனியின் உரிமையாளர். அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேனேஜரும் நானே. மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டில் ‘கொடுத்தவர்: ரெங்கசாமி’, ‘பெற்றவர்: ரெங்கசாமி’ என்று இரண்டு கையெழுத்துப் போடுவேன். லீவு வேண்டுமென்றால் எனக்கு நானே விண்ணப்பம் எழுதி, எனக்கு நானே அனுமதி கொடுத்து, அதற்குப் பிறகு முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். “லீவெல்லாம் கெடையாது, போலே” என்பார். உரிமையாளரும் மேனேஜரும் சேர்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வருவோம்.

3

எண்பதுகளின் கடைசியில் லெஸ்டரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிறவர். உங்கள் பேண்டேஜ் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆத்திர அவசரத்துக்குப் பேச இங்கே உங்கள் ஆள் ஒருவர் வேண்டும் என்று. முதலாளிக்கு இடுப்பு வலி, மருமகனுக்கு விமானம் என்றாலே பயம். மிச்சம் இருந்தது நம்பிக்கையான ஆள்.

வெளிநாட்டுக் கம்பெனியின் பிரதிநிதியாக இங்கிலாந்து போக ஒரு தனி விசா உண்டு. அதன் விதிகளை மெட்ராஸில் ஒரு வக்கீல் எங்களுக்கு விளக்கினார். அந்த நாட்டில் கம்பெனிக்கு வேறு ஆள் இருக்கக் கூடாது. போகிறவர் கம்பெனியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் மூத்த ஊழியராக இருக்க வேண்டும். கம்பெனியின் பெரும்பங்கு அவர் கையில் இருக்கக் கூடாது. ஆனால் கம்பெனி சார்பில் சுயமாக முடிவெடுக்கிற முழு அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

சுருக்கமாக, உடைமை இருக்கக் கூடாது, அதிகாரம் இருக்க வேண்டும். என்னிடம் உடைமை இருந்தது, அதிகாரம் இல்லை. இவ்வளவு கச்சிதமாகத் தகுதி இல்லாத ஒருவனை அந்த விசா ஆபீஸ் அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

எங்களுக்கு அது உறைக்கவில்லை. ஏற்றுமதிப் பதிவு மூன்றாவது போர்டின் பெயரில் இருந்ததால் அந்தக் காகிதங்களையே அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். மெட்ராஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“கம்பெனியின் உரிமையாளர் யார்?”

“எங்கள் முதலாளி.”

“இதில் ரெங்கசாமி என்று இருக்கிறதே?”

“அது நான்தான்.”

“அப்படியென்றால் நீங்கள் உரிமையாளர்.”

“இல்லை ஐயா, நான் ஊழியன்.” சம்பளச் சீட்டை எடுத்துப் பெருமையோடு நீட்டினேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டில் இருந்த இரண்டு கையெழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். “உங்களை வேலைக்கு வைத்திருப்பவர் உங்களிடம் நன்றாக நடந்துகொள்கிறாரா?” என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் திருப்பித் தந்தார். காகிதங்களைச் சரிசெய்துகொண்டு மறுபடி வரச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பி வந்து, ஆறு வருஷம் உரிமையாளராக இருந்த கம்பெனியை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முதலாளியின் சம்சாரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தில் மை காய்வதற்குள் முதலாளிக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

“ஏலே, ஒங் கம்பெனிய நான் பிடுங்கிக்கிட்டேன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியாத.”

“சொன்னா யாரு நம்புவா, மொதலாளி?”

“அதுஞ் சரிதான்” என்றார், கொஞ்சம் வேகமாகவே.

அதிகாரத்துக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டார். ‘முழு அதிகாரம்’ என்ற இடத்தில் பேனா செத்த நேரம் நின்றது. “இது சும்மா காயிதத்துக்குத்தான. புரியுதுல்லா?” என்றார். புரிந்தது என்றேன். அடுத்த தடவை மெட்ராஸுக்கு அவரும் கூடவே வந்தார். “அதிகாரம் இருக்கான்னு கேட்டா, ‘முடிவெல்லாம் நானே எடுப்பேன்’னு சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்” என்று ரயிலில் ராஜபாளையத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒப்பிக்க வைத்தார். நான் சுயமாக முடிவெடுப்பேன் என்பதும் அவர் எடுத்த முடிவுதான்.

பன்னிரண்டு மாதத்துக்கு விசா கிடைத்தது. எனக்கும் கோதைக்கும் சுபாவுக்கும். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால், அந்த வருஷம் முழுக்க நான் உண்மையிலேயே பிரதிநிதியாக நடந்துகொண்டேன் என்று நிரூபிக்க வேண்டும்.

4

லெஸ்டரில் ஒரு துணிக்கடைக்கு மேல் எனக்கு ஒற்றை அறை ஆபீஸ். நாற்காலி ஒன்று, டெலிபோன் ஒன்று, அதிகாரம் பூஜ்யம்.

கார்த்திகைக் குளிரில் விரல் மடங்காமல் போனபோது, ஆபீஸுக்கு ஒரு ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டு முதலாளிக்கு நீலநிற ஏரோகிராம் போட்டேன். போகப் பத்து நாள், வரப் பத்து நாள், நடுவில் அவர் யோசிக்க ஒரு மாதம். தை பிறந்து பதில் வந்தது: ‘குளிர் எம்புட்டு நாளைக்கு இருக்கப்போகுது? போகட்டும், பொறவு பார்த்துக்கிடலாம்.’ பிறகு குளிர் போனது உண்மை. போகும்போது என் இடது காதின் உணர்ச்சியையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

வெள்ளைக்காரர் போனில் எதைக் கேட்டாலும், கேட்டுச் சொல்கிறேன் என்பேன். பேண்டேஜ் அகலம் கூட்டலாமா? கேட்டுச் சொல்கிறேன். வியாழக்கிழமை சந்திக்கலாமா? அதற்கும் அதே பதில் வாயில் வந்துவிட்டது. அவர் ஒருநாள் நேரிலேயே வந்து, மிகவும் மரியாதையாக, “நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள்?” என்றார். மேலே கை காட்டினேன். கடவுளிடம் என்று எடுத்துக்கொண்டார் போல. அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் பயபக்தியோடு பேசினார்.

பத்து மாதம் இப்படி ஓடியது. விசா முடிய இரண்டு மாதம் இருந்தபோது கிளி வந்தது.

கிளி எங்கள் கம்பெனியின் சின்னம். ஆண்டாள் கையில் இருக்கிற கிளி. முதலாளி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து கோயிலுக்குப் போகிறவர். கம்பெனி தொடங்கியபோது தாயார் கையில் இருக்கிற கிளி மாதிரியே வரையச் சொல்லி, சிவகாசியில் அட்டைப்பெட்டி அடித்தார். பெட்டி முழுக்கப் பச்சை, செக்கச்செவேலென்று மூக்கு. பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

லெஸ்டரில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைக்காரர் போன் பண்ணினார். “உங்கள் சரக்கு மூன்று வாரமாகக் காணோம் என்று தேடினோம். கிடைத்துவிட்டது. கிடங்கில் மிருக வைத்தியச் சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். நாய்க் காலர்களுக்குப் பக்கத்தில்.”

“ஏன்?”

“பெட்டியில் கிளி இருக்கிறதே. பறவைகளுக்கான பேண்டேஜ் என்று நினைத்துவிட்டார்கள்.”

இனிமேல் பெட்டியை இங்கேயே அச்சடிக்கப்போவதாகச் சொன்னார். நாளை மதியம் அச்சுக்குப் போகிறது. கிளி இருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் தொடாது. கிளியை எடுக்கலாமா, கூடாதா? மதியத்துக்குள் பதில் இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்க ஆளில்லை. மறுநாள் ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேர். கம்பெனி பூட்டிக் கிடந்தது. முதலாளி குடும்பத்தோடு தேருக்குப் போய்விட்டார். அன்று சாயந்தரமும் மறுநாள் காலையிலும் ராஜபாளையத்து டெலிபோன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எல்லோரும் தேர் வடத்தில் கைவைத்திருக்கிற நேரத்தில், அதே தாயார் கிளியை நான் என்ன செய்வதென்று லெஸ்டரில் உட்கார்ந்துகொண்டு முழிக்கிறேன்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். வெள்ளைக்காரருக்குப் போன் போட்டேன்.

“கிளி வேண்டாம்.”

“யாரிடமாவது கேட்க வேண்டுமா?”

“வேண்டாம்.”

வீட்டுக்குப் போய்க் கோதையிடம் சொன்னேன்.

“நீங்களாவா சொன்னீங்க?”

“ஆமா.”

“மொதலாளியக் கேக்காமலா?”

“தேர் ஓடுது. அவரு எங்க போனை எடுப்பாரு?”

அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, “தாயாரே, இவுகளுக்கு வெவரம் பத்தாது. மன்னிச்சுக்கோ” என்றாள்.

5

நடந்ததை முதலாளிக்கு எழுதிப் போட்டேன். இருபதாம் நாள் ஏரோகிராம் வந்தது. முதலாளி வழக்கமாக நான்கு வரிதான் எழுதுவார். இதில் உள்பக்கம் முழுக்க எழுதி, மடிக்கிற ஓரங்களில் எழுதி, பசை தடவியிருக்கிற விளிம்பிலும் எழுதியிருந்தார். கிழிக்காமல் பிரிப்பதற்கே அரைமணி ஆனது.

‘ஏலே ரெங்கா, கூறுகெட்டவனே, தாயார் கிளியை வெரட்ட நீ யாருலே? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? சீமைத் தண்ணி குடிச்சதும் கொழுப்பு ஏறிருச்சோ? நீயே மொதலாளியா, நீயே முடிவெடுப்பியா? உன்னை அடுத்த பிளேன்ல வரச் சொல்லி மறுபடி பஞ்சு பிரிக்க விடுறேன் பாரு.’ இப்படியே போய், ஓரத்தில் ஓரிடத்தில் தெலுங்கில் ‘வெதவா’ என்று ஒரு கெட்ட வசவு வேறு இருந்தது. கடைசியில், பசைமேல், பொடி எழுத்தில்: ‘சொன்னது சொன்னதாப் போச்சு. கம்பெனி ஆள் வாக்குக் கொடுத்தா கம்பெனி கொடுத்த மாதிரி. கிளி இல்லாமலே சரக்கு வரும். என் மூஞ்சியில முழிக்காத.’

அதை ஃபைலின் அடியில் ஒளித்து வைத்தேன். அந்த ஃபைலைத்தான் விசா நீட்டிப்புக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது ஒரு பெண் அதிகாரி. முதலாளியின் அதிகாரக் கடிதத்தைப் படித்தார். “இதைப் போன வருஷமே கொடுத்திருக்கிறீர்கள். இப்படி யார் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த வருஷம் நீங்களாக எடுத்த ஒரு முடிவைக் காட்டுங்கள்.”

நான் ஃபைலை நீட்டினேன். கம்பெனி வழக்கப்படி ஆங்கிலத்தில் நான் எழுதிய கடிதங்களின் நகல்களைப் புரட்டினார். எல்லாம் ‘தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்’ என்றே முடிந்தன. ஹீட்டர் கடிதத்தில் நின்றார்.

“ஒரு ஹீட்டருக்குக்கூட அனுமதி கேட்டிருக்கிறீர்களே?”

“மரியாதைக்குக் கேட்டேன்.”

“பதில் என்ன வந்தது?”

“வெயில்காலம் வந்தது.”

அவர் சிரிக்கவில்லை. கோதையும் சுபாவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுபா அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு பேச ஆரம்பித்திருந்தாள். எங்கள் மூன்று பேரையும் ஊருக்கு அனுப்ப அந்த அம்மாளுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். ஊருக்குப் போனால் வேலையும் இல்லை. முதலாளிதான் முழிக்காதே என்றுவிட்டாரே.

ஃபைலின் அடியிலிருந்து நீலக் காகிதம் எட்டிப் பார்த்தது.

“இது?”

“வீட்டுக் கடிதம்.”

“அனுப்பியவர் இடத்தில் கம்பெனி முகவரி இருக்கிறது. பத்து நாளில் மொழிபெயர்த்து, சான்றிதழோடு கொண்டுவாருங்கள்.”

6

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கோர்ட்டுகளுக்கெல்லாம் செய்து கொடுக்கிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏரோகிராமை எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“தம்பி, ‘கூறுகெட்டவன்’ எண்டா என்ன?”

“பாசமாக் கூப்பிடுறது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பாசமா ஏசினவர் ஏன் பிளேனில வரச்சொல்லுறார்?”

“ஐயா, கொஞ்சம் பதமா எழுதிருங்க. இதைப் படிச்சா எனக்கு அதிகாரமே இல்லன்னு தெரிஞ்சிரும். பொண்டாட்டி பிள்ளையோட வெளிய அனுப்பிருவாங்க.”

“இதில எழுதிக் கிடக்கிறதை அப்படியேதான் நான் தருவன். சத்தியம் பண்ணிக் குடுக்கிறனான், தம்பி.” கொஞ்சம் யோசித்து, “இந்த ‘வெதவா’வை மட்டும் விடுறன். எனக்குத் தெலுங்கு தெரியாது. விட்டிருக்கிறன் எண்டதையும் எழுதித்தான் தருவன்” என்றார்.

அப்படியே செய்தார். ‘இவ்விடத்தில் வேற்றுமொழிச் சொல் ஒன்று உள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். வசவுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கௌரவம் வந்துவிட்டது. நானே படித்தபோது, யாரோ மதிப்புக்குரிய அயோக்கியனைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது.

பெண் அதிகாரி படிக்கப் படிக்க நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கிளியை விரட்டினீர்களா?”

“பெட்டியிலிருந்து.”

“உரிமையாளரைக் கேட்காமல்?”

பொய் சொல்ல வழியில்லை. கையெழுத்தும் முத்திரையுமாக அவர் கையில் இருந்தது. “கேட்காமல்” என்றேன்.

“அவருக்கு இது பிடிக்கவில்லை.”

“சுத்தமாக.”

“ஆனாலும் நீங்கள் சொன்னபடியே சரக்கு அனுப்பியிருக்கிறார்.” பேனாவை எடுத்து, ‘கம்பெனி ஆள் வாக்குக் கொடுத்தால் கம்பெனி கொடுத்த மாதிரி’ என்ற வரிக்கு அடியில் கோடு போட்டார். “ரெங்கசாமி, இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை? இந்த ஃபைலில் உங்கள் அதிகாரத்துக்கு ஆதாரம் இது ஒன்றுதான்.”

மூன்று வருஷத்துக்கு நீட்டித்தார்கள். கதவு தாண்டியதும் கோதை என் முதுகில் ஒரு போடு போட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

7

அன்றைக்கே டெலிபோனில் முதலாளியைப் பிடித்தேன். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. லைனில் இரைச்சல்.

“மொதலாளி, நீங்க வஞ்சு எழுதுன கடுதாசியாலதான் விசா கெடைச்சது.”

“என்னலே ஒளறுத?”

விவரத்தைச் சொன்னேன். அவர் எழுதினதை ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் சத்தியம் பண்ணி மொழிபெயர்த்ததையும், வெள்ளைக்கார அம்மாள் கோடு போட்டதையும் சொன்னேன். நிமிஷத்துக்கு எவ்வளவு ஆகிறதோ என்று எனக்கு வேர்த்தது.

“வெதவான்னு எழுதிருந்தேனே, அதையுமா படிச்சா?”

“அது மட்டும் புரியல.”

“நல்லது.” தொண்டையைச் செருமினார். “ஏலே, நான் விசாவுக்காவ வையல. நெசமாத்தான் வஞ்சேன். தெரிஞ்சுக்கோ.”

“தெரியும், மொதலாளி.”

“நாய்க் காலர் பக்கத்துலயா வச்சிருந்தான்?”

“ஆமா.”

“நாசமாப் போறவன்” என்றார். யாரை என்று சொல்லவில்லை. என்னை இல்லை என்பது குரலில் தெரிந்தது. இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்றது. பணிவாக ஆரம்பித்தேன்.

“மொதலாளி, கிளி இருந்த எடம் பெட்டியில வெறிச்சுன்னு கெடக்கு. அதுல என்ன போடலாம்னு ஒங்களைக் கேட்டுட்டு…”

“கேக்காதலே!” ரிசீவரே அதிர்ந்தது. பிறகு, பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என்கிட்ட எதையும் கேக்காத. கேட்டேன்னு தெரிஞ்சா விசா போயிரும். பிள்ளைய வச்சிருக்க. நீயே முடிவெடு.”

லைன் கட்டாகிவிட்டது. அவர்தான் வைத்தார் என்று நினைக்கிறேன்.

சுபாவின் தாளில் ‘கம்பெனிப் பிரதிநிதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து. எங்கள் பேண்டேஜ் பெட்டி உங்கள் கண்ணில் பட்டால் நடுவில் பாருங்கள். ஒன்றும் இருக்காது. ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.